‘தி ரெட் ஷூஸ்’: ஒரே ஒரு ஷாட் என்றால் எது?

பிடித்த படத்தில் பிடித்த ஷாட் எது என்று கேட்டால் யாரும் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ‘தி ரெட் ஷூஸ்’ படத்தில் மட்டும் அது நடப்பதில்லை. நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் நான்கு பதில் வரும், நான்குமே நியாயமாகவும் இருக்கும். 1948-இல் வந்த பிரிட்டிஷ் படம் இது. மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் சேர்ந்து எழுதித் தயாரித்து இயக்கியது. பாலே நடனத்தைப் பற்றிய படங்கள் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் முதலில் வருகிற பெயர். இரண்டேகால் மணி நேரப் படத்தில், நிறுத்தி வைத்துப் பார்க்கத் தோன்றாத இடத்தைத் தேடுவதுதான் கஷ்டம்.

இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது? முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை பார்த்தவர்களுக்கும் மறந்திருக்கலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா பேஜ் என்ற இளம்பெண் ஆடத் துடிக்கிறாள். போரிஸ் லெர்மொன்டோவ் பெரிய பாலே குழு ஒன்றை நடத்துகிறவர், கலைக்கு முன்னால் வேறெதுவும் நிற்கக் கூடாது என்கிற ஆள். டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய, போட்டவளை ஆட்டத்தை நிறுத்த விடாத சிவப்புக் காலணியின் கதையைப் புது பாலேயாக ஆக்கி, அதில் அவளை ஆட வைக்கிறார். இசையமைத்த இளைஞன் ஜூலியனுக்கும் அவளுக்கும் காதல். லெர்மொன்டோவ் ஜூலியனைக் குழுவிலிருந்து விரட்ட, அவளும் கூடவே போய்க் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஆட்டத்துக்காக ஒரு முறை திரும்பி வருகிறாள். கணவனா நடனமா என்று இரண்டு பக்கமும் இழுக்க, காலில் சிவப்புக் காலணியோடு ரயில் முன்னால் பாய்ந்துவிடுகிறாள்.

லெர்மொன்டோவுக்குப் பின்னால் ரஷ்ய பாலே குழுவை நடத்திய செர்கய் தியாகிலெவின் நிழல் இருக்கிறது. தன் நட்சத்திர நடனக்காரர் நிஜின்ஸ்கி 1913-இல் கல்யாணம் செய்துகொண்டதும் தியாகிலெவ் அவரை வேலையிலிருந்து நீக்கியது நடந்த கதை. படத்தில் செருப்புத் தைப்பவனாக ஆடும் லியோனிட் மாசின், அதே தியாகிலெவிடம் வளர்ந்தவர். தன் பாத்திரத்துக்கான ஆட்டத்தை அவரே அமைத்துக்கொண்டார். மற்ற நடன அமைப்பு ராபர்ட் ஹெல்ப்மன். விக்டோரியாவாக வரும் மொய்ரா ஷியரர் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலேயில் ஆடிக்கொண்டிருந்தவர், சினிமாவே வேண்டாம் என்று நெடுநாள் மறுத்தவர். நடிகையைக் கொண்டு வந்து காலுக்கு மட்டும் ‘டூப்’ போடுகிற வேலை இந்தப் படத்தில் கிடையாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஷாட்டின் அழகு கேமராவுடையதா, ஆடுகிறவருடையதா என்ற கேள்வி பின்னால் வரும்.

தேர்வுக்கு ஒரே விதி: ஒரு ‘கட்’ முதல் அடுத்த ‘கட்’ வரை வெட்டு ஒட்டு இல்லாமல் ஓடும் துண்டுதான் ஷாட். ‘அந்த பாலே முழுவதும்’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. நடுவில் வரும் பாலே மட்டும் கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, அதற்குள் டஜன் கணக்கில் ஷாட்கள்.

முதலில் எல்லோரும் சொல்வது படிக்கட்டு. தெற்கு பிரான்ஸில் மாண்டி கார்லோ பக்கம். லெர்மொன்டோவ் கூப்பிட்டு அனுப்பியதாகச் சேதி வருகிறது. விக்டோரியா நீலமும் பச்சையும் கலந்த நீண்ட கவுன், மேலங்கி, தலையில் சின்னக் கிரீடம் என்று இளவரசி மாதிரி உடுத்திக்கொண்டு காரில் போய் இறங்குகிறாள். மலைச்சரிவில் ஒரு மாளிகை. வாசலுக்குப் போகும் நீண்ட படிக்கட்டைப் பராமரிக்க ஆளில்லை போல, கற்களுக்கு நடுவே புல்லும் செடியும் முளைத்துக் கிடக்கின்றன. அந்தப் பச்சைக்கு நடுவே கவுன் புரள அவள் ஏறிப் போகிறாள். பின்னணியில் ஒரு பெண் குரல், வார்த்தையில்லாத பாட்டு.

நடனமே இல்லாத இந்த ஷாட்டை நடனப் படத்தின் அழகான ஷாட்டாகப் பலர் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபுக்கு வண்ணத்தின் மேல் இருந்த பிடிப்பு இங்கே வெட்டவெளிச்சம். அந்தக் காலத்து டெக்னிகலர் வண்ணக் கேமரா லேசுப்பட்டதில்லை. உள்ளே வரும் ஒளியை ஒரு கண்ணாடிக் கட்டி பிரித்துவிட, மூன்று நெகடிவ் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். கேமராவை நகர்த்தவே ஆள் படை வேண்டும். ஒளியும் கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டும். அரங்குக்குள் அதை விளக்கு வைத்துச் சமாளிக்கலாம். வெளியில் வெயிலை நம்பித்தான் எடுக்க வேண்டும். அப்படியும் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் இத்தனை படிநிலை கிடைத்திருக்கிறது. எந்தப் பிரதியில் பார்க்கிறோம் என்பதும் இந்த ஷாட்டுக்கு ரொம்ப முக்கியம். மூல நெகடிவ்களில் பூஞ்சை பிடித்து, சுருங்கி, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடந்தன. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சேசியின் திரைப்பட அறக்கட்டளையும் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து செப்பனிட்ட பிரதி 2009-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதற்கு முன்பு சுற்றிய மங்கல் பிரதிகளில் இந்தப் படிக்கட்டைப் பார்த்தவர்கள் ‘என்ன அப்படிப் பெரிய விஷயம்?’ என்று கேட்டால் தப்பில்லை.

கதை வேலையும் செய்கிறது இது. அவள் ராஜ விருந்துக்குப் போவதாக நினைத்து ஏறுகிறாள். மேலே நடப்பது வேலைப் பேச்சு. கிரீடத்தோடு போய் நிற்பவளிடம் புது பாலேயில் நீதான் ஆடப்போகிறாய் என்று சொல்கிறார்கள். படிக்கட்டு முழுவதும் நாம் நினைத்தது ஒன்று, மேலே கிடைப்பது வேறு. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டதைத்தான் தருகிறார்கள், ஆனாலும் ஏதோ ஒன்று இடறுகிறது.

எனக்கு இந்த ஷாட்டின் மேல் ஒரே ஒரு குறை. இதை ஓவியமாக வரைந்து வைத்தாலும் முக்கால்வாசி மிஞ்சும். ஆடை, செடி, படி, தூரத்து வானம் எல்லாம் ஒரு அசையாப் படத்திலேயே வந்துவிடும். ஆடப் பிறந்தவள் ஒருத்தியைப் பற்றிய படத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுக்கும்போது அசைவு இல்லாமல் நிறைவாகிற ஒன்றை எடுப்பதா? தயக்கமாக இருக்கிறது.

அடுத்தது பாய்ச்சல். பாலேக்குள் வரும் இடம். செருப்புக் கடைக்காரன் சிவப்புக் காலணியைத் தரையில் நிறுத்தி வைக்கிறான். காலே இல்லாமல் காலணி மட்டும் நுனிவிரலில் நிற்பது போல நிற்கிறது. அவள் ஓடி வந்து துள்ளுகிறாள். விழும்போது காலணி காலில் ஏறியிருக்கிறது, நாடாவும் கட்டியாகிவிட்டது. கண் இமைக்கிற நேரம். சொல்லிக்கொடுத்துப் புரிய வைக்க வேண்டிய ‘மயங்கிவிட்டாள்’ என்ற விஷயத்தை இந்த ஒரு துள்ளலில் முடித்துவிடுகிறார்கள். நிதானமாக உட்கார்ந்து காலணி மாட்டுகிறவள் யோசிக்கலாம், வேண்டாமென்று கழற்றலாம். துள்ளி நுழைந்தவளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

சினிமாவால் மட்டும் முடிகிற காரியம் இது, மேடையில் நடக்காது. அந்த வகையில் படிக்கட்டை விட இதற்கு மதிப்பெண் அதிகம். ஆனால் நம் விதி இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. இதன் மந்திரம் ஷாட்டில் இல்லை, ‘கட்’ செய்து ஒட்டியதில் இருக்கிறது. சிவப்புக் காலணி இல்லாத கால் ஒரு துண்டு, அதைப் போட்ட கால் இன்னொரு துண்டு, நடுவில் ஒட்டு. எடிட்டர் ரெஜினால்ட் மில்ஸுக்குச் சேர வேண்டிய பரிசை ஒளிப்பதிவாளருக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விதியை நானே போட்டேன், அதனால் மனசில்லாமல்தான் தள்ளி வைக்கிறேன்.

பாலேக்குள் இன்னும் இரண்டு இருக்கின்றன, சீக்கிரம் கடந்துவிடலாம். தெருவில் பறந்து வரும் செய்தித்தாள் எழுந்து நின்று, உடம்பெல்லாம் அச்செழுத்து படிந்த மனிதனாகி அவளோடு ஆடிவிட்டு, திரும்பக் காகிதமாகிவிடும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் அதில் வடிவமைப்பாளர் ஹைன் ஹெக்ரோத்தின் கற்பனை தெரிகிற அளவுக்கு அவள் தெரிவதில்லை. ஹெக்ரோத் அடிப்படையில் ஓவியர். இந்த பாலே முழுவதையும் முதலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்து, இசைக்குப் பொருத்திப் படம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை வைத்து எடுத்தார்கள். கலை இயக்கத்துக்கு அவருக்கும் ஆர்தர் லாசனுக்கும் ஆஸ்கார் கிடைத்தது. இசைக்காக பிரையன் ஈஸ்டேலுக்கும் கிடைத்தது. கார்டிஃபுக்கு இந்தப் படத்துக்காக ஒரு பரிந்துரை கூட இல்லை. முந்தின படமான ‘பிளாக் நார்சிஸஸ்’ வாங்கிக் கொடுத்துவிட்டது, போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இன்னொன்று கடல். ஆடிக்கொண்டிருப்பவள் மேடை விளிம்பைப் பார்க்கும்போது ஆர்கெஸ்ட்ராவும் பார்வையாளர்களும் இருந்த இடத்தில் அலை வந்து மோதுகிறது. யோசனையாகச் சொல்லும்போது இருக்கும் பிரமாதம் திரையில் முக்கால்தான் வருகிறது. இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியது இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. கரையில்லாத ஒன்றின் முன்னால் தனியாக ஆடுகிறாள் என்பது புரிகிறது, சிலிர்க்கவில்லை.

சரி, சினிமா மாணவர்கள் விட்டுக்கொடுக்காத ஷாட்டுக்கு வருவோம். வெற்று வட்டம். விக்டோரியா ரயில் முன்னால் பாய்ந்த பிறகு லெர்மொன்டோவ் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறார். அதுவரை ஒரு முறை கூடக் குரல் தடுமாறாத மனிதர் கத்துகிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு குரலில், மிஸ் பேஜ் இன்றிரவு ஆட முடியாது, இனி எந்த இரவும் ஆட முடியாது என்கிறார். லெர்மொன்டோவாக நடித்த ஆன்டன் வால்புரூக்கின் அந்தக் குரல் நினைவில் இருந்து போகவே போகாது. அப்புறம் பாலே நடக்கிறது. மற்ற எல்லோரும் தங்கள் இடத்தில் தங்கள் ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒளி வட்டம் மட்டும் நகர்கிறது. செருப்புக் கடைக்காரன் வெறும் வெளிச்சத்திடம் காலணியை நீட்டுகிறான்.

இதற்கு எதிராக யார் என்ன சொல்ல முடியும்? ஆடுகிறவளே இல்லாமல் ஆட்டத்தைக் காட்டிவிட்டார்கள். இத்தனை நேரம் நாம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், அவள் அங்கே எப்படிக் கை நீட்டியிருப்பாள், எங்கே திரும்பியிருப்பாள் என்று கண் தானாகவே அந்த வட்டத்துக்குள் வரைந்துகொள்கிறது. நினைவாற்றல் மோசமான எனக்கே அது நடந்தது.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, இதை மேடையிலேயே செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். 1931 ஜனவரியில் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா இறந்தபோது, அவர் ஆடியிருக்க வேண்டிய நாளில் மேடையை வெறுமையாக விட்டு ஒளி வட்டம் மட்டும் சுற்றி வந்தது என்பது பாலே உலகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிற சம்பவம். படம் எடுத்தவர்கள் பாலே உலகத்தின் வழக்கத்தை மரியாதையாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அது அழகுதான், ஆனால் சினிமா கண்டுபிடித்த அழகில்லை. இரண்டாவது, இந்த ஷாட்டின் பலம் முழுவதும் இதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலிருந்து கடன் வாங்கியது. படம் பார்க்காத ஒருவரிடம் இதை மட்டும் காட்டினால் விளக்குப் போடுகிறவர் இடம் தவறிவிட்டார் என்பார். மனதை உடைக்கிற ஷாட் எது என்று கேட்டால் இதுதான், பேச்சே இல்லை. அழகானது எது என்ற கேள்விக்கு இதைச் சொல்லும்போது, துக்கத்துக்குப் போட வேண்டிய ஓட்டை அழகுக்குப் போடுகிறோமோ என்று சந்தேகம்.

அவள் கடைசியாக ஓடும் ஓட்டத்தையும் சிலர் சொல்வார்கள். மேடைக்குப் போகிறவளைக் காலணி நிறுத்தித் திருப்பி, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. முகத்தை விட்டுவிட்டுக் காலணியை மட்டும் காட்டும் துண்டு நன்றாக இருக்கிறது. கதைப்படி பாலே தொடங்கும்போது அந்தப் பெண் இந்தக் காலணியைப் போட்டிருக்கவே மாட்டாள், நடுவில்தான் போடுவாள். அப்படியிருக்க ஒப்பனை அறையிலேயே எப்படிக் காலில் வந்தது? பதில் கிடையாது. படம் பார்க்கும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி என்பதே இயக்குநர்களின் சாமர்த்தியத்துக்குச் சான்று.

இப்போது என் தேர்வுக்கு வருகிறேன். படத்தின் முதல் பாதியில், பிரபலங்கள் யாரும் இல்லாத இடத்தில் வருகிறது அது. மழை கொட்டும் ஒரு நாள். லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் மெர்குரி தியேட்டர் என்ற சின்ன அரங்கம். மேரி ராம்பேர் அம்மையாரின் பாலே குழு உண்மையிலேயே ஆடி வந்த இடம், அவரே படத்தில் ஒரு கணம் தலை காட்டுகிறார். ஆர்கெஸ்ட்ரா வைக்க வசதி இல்லை, இசைத்தட்டைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். ‘ஸ்வான் லேக்’ நடக்கிறது. அன்னப்பறவையாக விக்டோரியா. கூட்டத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார் லெர்மொன்டோவ்.

பாலேயில் சுழன்று ஆடுகிறவர்கள் தலை சுற்றாமல் இருக்க ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். எதிரில் ஒரு புள்ளியில் பார்வையை ஊன்றிக்கொள்வார்கள். உடம்பு திரும்பத் தொடங்கிய பிறகும் முகம் அந்தப் புள்ளியையே பார்த்திருக்கும், இனி முடியாது என்கிற கடைசி நொடியில் தலையைச் சட்டென்று ஒரு சுற்று வீசி, உடம்பு வருவதற்கு முன்பே அதே புள்ளிக்கு வந்து நிற்கும். வகுப்பில் முதல் வருடத்திலேயே பழக்கிவிடுவார்கள். கார்டிஃபின் கேமரா இங்கே அதைத்தான் செய்கிறது. அவள் கண் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். அரங்கம் வண்ணக் கோடுகளாக இழுபட்டு ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. அப்படி நிற்கிற ஒரு கணத்தில் கூட்டத்துக்குள் லெர்மொன்டோவின் முகம். உடனே கட். திரையை அடைத்துக்கொண்டு அவள் முகம், கண் அகல விரிந்து.

இந்தக் கடைசி ஷாட்தான், அந்த க்ளோஸ்-அப்தான், என் தேர்வு.

காரணம் சொல்ல வேண்டுமே. முதலில் ஒப்பனை. மேடை ஒப்பனை கடைசி வரிசைக்காகப் போடுவது. கண்ணைச் சுற்றிக் கறுப்பைத் தடிமனாக இழுத்து, ஓரத்தில் நீட்டி, இமைக்கு மேல் வண்ணம் அப்பி, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கண் தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்வது. நம் ஊரில் அரங்கேற்றத்தன்று மேடைக்குப் பின்னால் போய் ஆடப்போகிற பிள்ளையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்பிய மாவுக்கு மேல் வியர்வை முத்துக்கட்டியிருக்கும், மை காது வரை ஓடியிருக்கும், கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். அந்த முகம் நமக்கான தூரத்தில் இல்லை. கேமரா இங்கே எந்தப் பார்வையாளருக்கும் அனுமதியில்லாத கிட்டத்துக்குப் போய்விடுகிறது. அன்னத்தின் வெள்ளை இறகு கண்ணோரத்தில் தெரிகிறது, பூச்சின் தடிப்பு தெரிகிறது, எல்லாவற்றுக்கும் உள்ளே இரண்டு கண்கள். நளினம் எதுவும் மிச்சமில்லை. மேடையில் நளினமாகத் தெரிகிற ஆட்டத்துக்கு உள்ளே இருக்கிற ஆளை, உழைப்பை, பதற்றத்தை ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது.

அடுத்தது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது. லெர்மொன்டோவ் தேர்ந்தெடுக்க வந்தவர், அவள் தேர்வு செய்யப்பட வேண்டியவள். இந்த மாதிரிக் காட்சிகளில் வழக்கமாக நாம் அதிகாரம் உள்ளவரின் இருக்கையில் உட்கார்ந்து ஆடுகிறவளைப் பார்ப்போம். இங்கே மேடையிலிருந்து அவள் அவரைப் பிடித்துவிடுகிறாள். அவர் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்தக் கணத்திலும் கால் நிற்கவில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் ஆட ஆசைப்படுகிறாய் என்று முன்பு லெர்மொன்டோவ் கேட்டபோது, நீங்கள் ஏன் உயிர் வாழ ஆசைப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டவள் அவள். அந்தப் பதிலில் இருந்த துணிச்சல் இந்தக் கண்களில் பயத்தோடு கலந்திருக்கிறது. ஆசைப்பட்டது எதிரில் வந்து உட்கார்ந்தால் வருகிற பயம். மிச்சக் கதை முழுவதுக்கும் விதை இங்கேதான் விழுகிறது என்று எனக்குப் படுகிறது, செருப்புக் கடையில் இல்லை.

மறுப்பும் வரும், வரட்டும். ‘காலைக் காட்டாத ஷாட்டை நடன ஷாட் என்று எப்படிச் சொல்வது?’ என்று ஆடத் தெரிந்த யாரும் கேட்பார்கள். ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டைர் தன் படங்களில் தலை முதல் கால் வரை முழு உடம்பும் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ஆடுகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வதே சரி. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் யாரையும் ஆட வைத்துவிடலாம். ஷியரருக்கே தன் நடனத்தை இந்தப் படம் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்த விதத்தில் மனக்குறை இருந்தது. அவர் உழைப்பு, அவர் வருத்தப்படலாம்.

ஆனால் இந்த ஒரு க்ளோஸ்-அப்பை அந்தக் குற்றத்தில் சேர்க்க முடியாது என்பேன். ஆட்டத்தை மறைக்க வைத்த க்ளோஸ்-அப் இல்லை இது. சுழற்சியின் நடுவே முகம் செய்கிற வேலையைக் காட்டுகிறது. மேலே சொன்னேனே, பார்வையை ஊன்றுகிற உத்தி, அதற்குக் காலைக் காட்டிப் பயனில்லை. அதோடு, ஷியரர் உண்மையிலேயே ஆடுகிறவர் என்பதால்தான் இந்த முகம் கிடைத்தது. சுழன்று பழகாத நடிகையின் கழுத்து இப்படி நிற்காது. கை போகும் இடத்துக்குக் கண் போகட்டும் என்கிறது அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல், பரதம் கற்ற எவருக்கும் அது மனப்பாடம். கண்ணும் நடனத்தின் உறுப்புதான் என்று நமக்கு யாரும் வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை.

அதே 1948-இல் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் இரண்டு நடனப் படங்கள் முடிந்து வெளியானது எனக்கு எப்போதும் வியப்பு. ஒன்று எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’, மற்றது உதய் சங்கரின் ‘கல்பனா’. சந்திரலேகாவின் முரசு நடனத்தில் கேமரா விலகி நிற்கிறது, உயரே போகிறது. பிரம்மாண்ட முரசுகள், மேலே வரிசை வரிசையாகப் பெண்கள், உள்ளே ஒளிந்திருக்கும் வீரர்கள். அதன் அழகு எண்ணிக்கையிலும் அணிவகுப்பிலும் இருக்கிறது, அதைப் பார்க்கத் தூரம்தான் வேண்டும். ‘கல்பனா’ நடனக்காரர் தானே எடுத்த படம், ஒளிப்பதிவு கே. ராம்நாத். கறுப்பு வெள்ளையில் உடம்பையும் நிழலையும் வைத்துக்கொண்டு விளையாடியிருப்பார்கள். அதையும் ஸ்கார்சேசியின் அமைப்பே செப்பனிட்டு 2012-இல் கான் விழாவுக்குக் கொண்டு போனது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வாசன் ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்கிறார், உதய் சங்கர் ஆட்டத்தைக் கனவாகப் பார்க்கிறார், ஆடுகிறவளின் தலைக்குள் போய் உட்கார்ந்து வெளியே பார்த்தது பவல், பிரஸ்பர்கர் ஜோடிதான். அதனால் அந்தத் துணிச்சல் எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறதோ அந்த ஷாட்டுக்குப் பரிசைக் கொடுப்பது நியாயம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒரு பலவீனமும் இதில் இருக்கிறது. முந்தின ஷாட்டில் அரங்கம் சுழலாமல் இருந்தால் இந்த முகத்துக்குப் பாதி பலம் போய்விடும். பாய்ச்சலை ‘அழகு ஒட்டில் இருக்கிறது’ என்று தள்ளிவிட்டு இதை எடுப்பது ஓரவஞ்சனை என்று நீங்கள் சொல்லலாம். என் பதில் இதுதான். பாய்ச்சலில் ஒட்டைப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, ஒரு பெண் குதிக்கிறாள், ஒரு பெண் இறங்குகிறாள். இங்கே பிரித்தாலும் முகம் முகமாகவே நிற்கும். யார் இவள், எதைப் பார்த்துவிட்டாள் என்ற கேள்வியையாவது எழுப்பும். வெற்று வட்டத்தால் அது முடியாது, படிக்கட்டால் முடியும். ஆகவே எனக்குக் கடைசிச் சுற்றில் நிற்பது இரண்டுதான், முகமும் படிக்கட்டும்.

இரண்டில் எது என்பது, எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்ட என்றால் கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டு. அந்த முகத்தைச் சுவரில் மாட்டினால் வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு நாளில் கழற்றச் சொல்லிவிடுவார்கள். திரையிடலுக்கு அழைப்பிதழ் போடுகிறவர்களும் படிக்கட்டையே போடுங்கள், முடிவும் வெளிப்படாது, சின்ன அளவிலும் நிறம் நிற்கும். ஓடுகிற படமாக, இருட்டில், பெரிய திரையில் சில நொடிகள் மட்டும் பார்க்கக் கிடைக்கும் என்றால் என் ஓட்டு மெர்குரி தியேட்டர் முகத்துக்கு. மூன்றாம் இடம் வெற்று வட்டத்துக்கு. அதற்கே முதலிடம் கொடுப்பவர்களோடு நான் அதிகம் வாதாட மாட்டேன். செய்தித்தாள் மனிதனுக்கு முதலிடம் கொடுப்பவர்களோடு வாதாடுவேன்.